நெருப்பெறும்புக்கு ஓர் உலக வரைபடம்

வயல் வரப்பிலும் புல்தரையிலும் காலைச் சுருக்கென்று பதம் பார்க்கிற சிவப்பு நெருப்பெறும்பை நம் மண்ணுக்கே உரியது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் சோலினாப்சிஸ் ஜெமினாட்டா என்ற இந்த இனத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. மிளகாயும் கொய்யாவும் மரவள்ளியும் வந்த திசையிலிருந்து இதுவும் கப்பலேறி வந்தது. எங்கள் ஊர் இயற்கை ஆர்வலர் குழுவில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் ஆதாரம் கேட்டார்கள். சுவரில் மாட்டிக் காட்டுவதே மேல் என்று இந்த வேலையில் இறங்கினேன். வேறோர் எறும்புக்கு இதேபோல் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் செய்த முறையை எழுதிவைக்கிறேன்.

எறும்புகளின் உலகப் பரவலுக்கு ஏற்கெனவே ஒரு நல்ல வரைபடம் இருக்கிறது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் பெனுவா கெனார், ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் ஈவன் எகனாமோ ஆகியோரின் குழு, பழைய ஆய்விதழ்களையும் அருங்காட்சியகப் பட்டியல்களையும் சலித்து 'கேபி' என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. அதைப் பொதுமக்களும் பார்க்கும்படி 2015-இல் ஆன்ட்மேப்ஸ் என்ற இணையதளம் வந்தது. ஓர் இனத்தின் பெயரைக் கொடுத்தால் உலகின் எந்தெந்தப் பகுதியில் அது உண்டு என்று நிறம் பூசிக் காட்டும். அப்படியிருக்க நான் ஏன் மெனக்கெட வேண்டும்? எனக்கு வேண்டியது தமிழில், சுவர் அளவில், பசிபிக் பெருங்கடல் நடுவில் இருக்கும் ஒரு படம். அதைவிட முக்கியமாக, நான் பூசுகிற ஒவ்வொரு நிறத்துக்கும் பின்னால் என்ன சான்று இருக்கிறது என்பதை நானே ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆன்ட்மேப்ஸை விடைத்தாளாக வைத்துக்கொண்டேன். என் படம் அதிலிருந்து எங்கே விலகுகிறதோ அங்கே காரணம் தேட வேண்டும் என்பது ஏற்பாடு.

தரவுக்கு முதல் கதவு ஜிபிஐஎஃப். கோபன்ஹேகனில் செயலகம் கொண்ட இந்த அமைப்பு, உலக அருங்காட்சியகங்களின் மாதிரிகளையும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் மக்கள் ஏற்றும் படங்களின் விவரங்களையும் ஒரே வடிவத்தில் இலவசமாகத் தருகிறது. இனப்பெயரைக் கொடுத்துப் பதிவிறக்கம் கேட்டால் சற்று நேரத்தில் மின்னஞ்சலில் இணைப்பு வந்துவிடும்.

முதல் தடை கோப்பைத் திறக்கும்போதே வரும். சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணை, என்று பெயர் இருந்தாலும் உள்ளே காற்புள்ளி கிடையாது; நெடுவரிசைகளைப் பிரிப்பது டேப். வரைபடம் தயாரிக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் கோப்பைச் சேர்க்கும்போது பிரிப்பான் டேப் என்று நாமே சொல்ல வேண்டும். அடுத்தது மேற்கோள் குறி. இடக்குறிப்புகளில் யாரோ ஒருவர் மேற்கோளைத் திறந்துவிட்டு மூடாமல் போயிருப்பார். மென்பொருள் அடுத்த மேற்கோள் குறி வரும்வரை இடையிலுள்ள பதிவுகள் அத்தனையையும் ஒரே கட்டத்துக்குள் விழுங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண்ணிக்கை மட்டும் குறையும். மேற்கோள் எழுத்து என்ற பெட்டியைக் காலியாக விட்டால் தீர்ந்தது. பதிவிறக்கப் பக்கம் சொன்ன எண்ணிக்கையும் அட்டவணையில் இருக்கும் வரிகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

ஆயத்தொலை உள்ள பதிவுகள் மட்டும் போதும் என்று வடிகட்டத் தோன்றும். வடிகட்டாதீர்கள். பழைய மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடையாது, ஊர்ப்பெயர் மட்டும்தான். ஆனால் எப்போது வந்தது என்ற கேள்விக்கு விடை சொல்லப்போவது அவைதான். இரண்டையும் எடுத்து, ஆயத்தொலை இல்லாதவற்றைத் தனி அட்டவணையாக வைத்துக்கொண்டேன்.

துப்புரவு வேலைதான் இதில் பெரும்பங்கு. புள்ளிகளை அப்படியே வரைபடத்தில் கொட்டியதும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், நிலமே இல்லாத நடுக்கடலில், எறும்புகள் முளைத்தன. அட்சம் 0, தீர்க்கம் 0 என்று கணினி தானாக நிரப்பிக்கொண்ட பதிவுகள் போய்ச் சேருகிற இடம் அது. இவற்றை நீக்குவது எளிது. குறி மாறியவை அடுத்த வகை: மேற்குத் தீர்க்கரேகைக்கு முன்னால் இருக்க வேண்டிய கழித்தல் குறி விழுந்துபோனால் மெக்சிகோ எறும்பு மியான்மரிலோ தாய்லாந்திலோ வந்து நிற்கும். என் கேள்வியே இந்த எறும்பு அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்ததைப் பற்றியது. கழித்தல் குறி ஒன்று காணாமல் போனாலே கடல் கடந்துவிடும் என்றால் எப்படி விடுவது? ஒவ்வொரு பதிவிலும் நாட்டின் குறியீடு தனி நெடுவரிசையில் இருக்கும். புள்ளி விழுந்த நாட்டையும் அந்தக் குறியீட்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கரையோரப் புள்ளிகள் சில கடலில் விழுந்து வீணாகக் கணக்கில் வந்தன, அவற்றை மன்னித்துவிட்டேன்.

கண்ணுக்குப் படாத பிழை இன்னொன்று. மாதிரிச் சீட்டில் நாட்டின் பெயர் மட்டும் இருந்தால், அந்த நாட்டின் நடுப்புள்ளியை ஆயத்தொலையாகப் போட்டுவிடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. பார்க்கத் துல்லியமான புள்ளியாகத் தெரியும். உண்மையில் அதற்கு நாட்டளவு அகலம். பிழையளவை மீட்டரில் சொல்லும் நெடுவரிசையைப் பார்க்க வேண்டும். அது காலியாக இருந்து, ஒரே இடத்தில் பல பதிவுகள் குவிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஆயத்தொலை இல்லாத அட்டவணையில் நம் பக்கத்துப் பெயர்கள் கணிசமாக இருந்தன. 'சிலோன்', 'பர்மா' ஆகியவற்றை இன்றைய நாடாக மாற்றிவிடலாம். 'மெட்ராஸ்' அப்படியல்ல. நகரமா, மாகாணமா? மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாட்டோடு ஆந்திரத்தின் பெரும்பகுதி, மலபார், தென் கன்னடம், ஒடிசாவின் தென்கோடி வரை நீளும். சேகரித்தவர் யார், அவர் எங்கே வேலை பார்த்தார் என்று தெரிந்த இடங்களில் முடிவெடுத்தேன். மற்றவற்றை 'தென்னிந்தியா' என்று பொதுவாக வைத்தேன். சும்மா சென்னையில் ஒரு புள்ளியைக் குத்திவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பழைய பெயர்களைத் துழாவியதில் கிடைத்த ஒன்றுதான் இந்த வரைபடத்தின் உயிர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், பறவை ஆய்வுக்குப் பெயர் பெற்றவர். அவர் 1851-இல் மெட்ராஸில் வெளிவந்த ஆய்விதழில் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் 'அட்டா ரூஃபா' என்று புதிய இனமாகப் பெயர் சூட்டிய சிவப்பு எறும்பு வேறெதுவுமல்ல, ஜெமினாட்டாவேதான் என்று பிற்கால வகைப்பாட்டியலாளர்கள் முடிவு செய்தார்கள். டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் நடு அமெரிக்க மாதிரியை வைத்து 1804-இலேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டதால் ஜெர்டனின் பெயர் ஒத்தபெயராக ஒதுங்கியது. ஆக, 1851-இலேயே இந்த எறும்பு தென்னிந்தியாவில் இருந்தது. எறும்புகளைக் கூர்ந்து பார்த்த ஒருவரே இந்த நாட்டு எறும்பு என்று எண்ணும் அளவுக்கு ஊன்றியிருந்தது. எங்கள் குழுவில் சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவின் கட்டத்தில் 'முதல் பதிவு' என்ற இடத்தில் 1851 என்று எழுதினேன்.

இனி அடையாளச் சிக்கல். ஐநேச்சுரலிஸ்ட் படங்களில் சிவப்பு நெருப்பெறும்பு என்றாலே சோலினாப்சிஸ் இன்விக்டா என்று ஒருவர் எழுத, இன்னொருவர் ஆமோதிக்க, பதிவு உறுதியாகிவிடும். இன்விக்டா தென் அமெரிக்காவின் எறும்பு. 1930-களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத் துறைமுகமான மொபீலில் இறங்கி அந்நாட்டின் தென்பகுதியைப் பிடித்தது. 2001-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கண்டுபிடிக்கப்பட்டது. 2023-இல் இத்தாலியின் சிசிலித் தீவில் அதன் புற்றுகள் இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். செய்தித்தாள்களில் அடிபடுவது அதுதான் என்பதால் பெயரும் அதற்கே போகிறது. படத்தைப் பார்த்துப் பிரித்தறியாமல் என் அட்டவணையை நம்ப முடியாது என்பதால், முதலில் என் வீட்டு வாசல் எறும்புகளையே பிடித்துப் பழகினேன்.

கைப்பேசிக் கேமராவில் கவ்வும் உருப்பெருக்கு வில்லை ஒன்று போதும். புற்றருகே அரிசி நொய்யோடு ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் சற்று நேரத்தில் கூட்டம் சேரும். அதில் எல்லாம் ஒரே அளவில் இருக்காது: சிறியவை, இடைப்பட்டவை, இவற்றுக்கு நடுவே உடலுக்குப் பொருந்தாத பெரிய தலையோடு சில. அந்தப் பெரிய தலையைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றைச் சாராயத்தில் இட்டு, வெள்ளைத்தாளில் நேராகக் கிடத்தி, முகத்துக்கு நேரே வில்லையைக் கொண்டுபோனேன். தலை ஏறக்குறைய சதுரம். உச்சியில் நடுவே ஆழமான பிளவு, இரு பக்கமும் உருண்டு புடைத்த இரண்டு மேடுகள். தாடைகள் தடித்து வளைந்தவை. பற்கள் கூரின்றி மழுங்கியிருந்தன. புல்விதைகளைச் சேகரித்துக் கூட்டுக்குள் உடைப்பது இந்தப் பெரிய தலைக்காரர்களின் வேலை; தாடைத் தசைக்கு இடம் வேண்டித்தான் தலை இப்படி வீங்கியிருக்கிறது. உணர்கொம்பில் பத்துக் கணுக்கள், கடைசி இரண்டும் தடித்துக் குண்டாந்தடிபோல் நிற்கும். இடுப்பில் இரண்டு முடிச்சு. இவை இரண்டும் சோலினாப்சிஸ் பேரினத்துக்கே பொது. இன்விக்டாவிலிருந்து பிரிக்க இரண்டு குறிகள் எனக்கு உதவின. அதன் பெரிய வேலைக்காரர்களுக்கு இவ்வளவு பெரிய, இவ்வளவு ஆழமாகப் பிளந்த தலை கிடையாது. வாய்க்கு மேலே உள்ள முகத்தகட்டின் விளிம்பில் நட்டநடுவே ஒரு சிறு பல் இன்விக்டாவுக்கு இருக்கும், ஜெமினாட்டாவுக்கு இராது.

ஒப்பிட்டுப் பார்க்க ஆன்ட்வெப்பைப் போன்ற துணை வேறில்லை. கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தில் பிரையன் ஃபிஷர் தொடங்கிய இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு மாதிரிக்கும் முகம், பக்கவாட்டு, மேல்புறம் என்று படங்கள். கூடவே ஊசியில் குத்திய சீட்டின் படமும் உண்டு. நான் அதிக நேரம் செலவிட்டது சீட்டுகளில்தான். சேகரித்தவரின் கையெழுத்து, பின்னாளில் வேறொருவர் குத்திய அடையாளச் சீட்டு, அதற்கும் கீழே பெயரைத் திருத்திய மூன்றாமவரின் சீட்டு என்று ஓர் எறும்புக்குக் கீழே ஒரு வழக்குக் கட்டே தொங்கும்.

இவ்வளவும் ஆனபின் ஒவ்வொரு பதிவுக்கும் 'சான்று' என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். அருங்காட்சியக மாதிரி, முகம் தெரியும் படம், அச்சில் மட்டும் உள்ள குறிப்பு, முகம் தெரியாத படம் என்று நான்கு தரம். கடைசித் தரம் மட்டுமே உள்ள பகுதிக்கு நிறம் இல்லை, கோடு மட்டும். என் அட்டவணையில் இந்தியாவிலிருந்து இன்விக்டா என்று வந்த படங்களில் முகம் தெரிந்தவற்றையெல்லாம் பார்த்தேன். நடுப்பல் உள்ளது ஒன்றும் தேறவில்லை.

புள்ளிகளாகவே விடுவதா, பகுதிகளுக்கு நிறம் பூசுவதா? புள்ளி நேர்மையானதுபோல் தோன்றும். ஆனால் ஐநேச்சுரலிஸ்ட் வந்தபின் புள்ளிகள் காட்டுவது கைப்பேசி வைத்திருக்கும் ஆர்வலர்களின் பரவலைத்தான். கேரளத்திலும் தைவானிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொள்கின்றன; ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி வெறிச்சோடுகிறது. பகுதி வண்ணத்தில் ஆயிரம் பதிவும் ஒரு பதிவும் ஒரே நிறம்தான். உண்டு, இல்லை என்ற கேள்விக்கு அதுவே நியாயம். இடக்குறிப்பு மட்டும் உள்ள பழைய பதிவுகளையும் அதில் சேர்க்க முடிகிறது. ஆன்ட்மேப்ஸ் ஏன் அப்படிச் செய்திருக்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கியது.

அதற்கும் ஒரு விலை உண்டு. ஆஸ்திரேலியாவின் வட ஆட்சிப்பகுதியில் இந்த எறும்பு டார்வின் பக்கம் இருப்பதற்காகத் தெற்கே பாலைவனம் முழுவதும் நிறம் ஏறுகிறது. மறுபுறம், அதே நாட்டின் ஆஷ்மோர் திட்டில் கடற்பறவைக் குஞ்சுகளுக்குத் தொல்லையாக இது பெருகியிருக்கிறது. அந்தத் திட்டோ சுவர்ப்படத்தில் ஊசிமுனை அளவுகூட வராது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சமரசம் செய்தேன். பகுதிக்கு வெளிறிய நிறம்; துல்லியம் பத்து கிலோமீட்டருக்குள் உள்ள பதிவுகளுக்கு மட்டும் அதன்மேல் அடர்ந்த சிறு புள்ளி; சிறு தீவுகளுக்கு ஒரே அளவில் வட்டம். எல்லைக் கோடுகளுக்கு நேச்சுரல் எர்த் தரும் இலவசத் தரவு. அதில் 1:110 மில்லியன் அளவை எடுத்தால் பசிபிக் தீவுகள் பெரும்பாலும் இருக்காது. 1:10 மில்லியனே வேண்டும். காஷ்மீர் எல்லையை இந்திய அரசின் நிலைப்பாட்டின்படி வரைந்த பதிப்பும் அங்கேயே கிடைக்கிறது. பொது இடத்தில் மாட்டப்போகிறவர்கள் அதை எடுப்பது நல்லது.

நிறம் பூசும்போதுதான் தலைவேதனை. பூர்வீகத்துக்குப் பச்சை, வந்தேறியதற்குச் சிவப்பு என்று வைத்துக்கொண்டேன். செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்குள் மட்டும் இருப்பவை, துறைமுகச் சோதனையில் பிடிபட்டவை இரண்டுக்கும் நிறமே இல்லை. குளிர்நாட்டுக்குக் கப்பலில் போய் இறங்கிய ஓர் எறும்பை அந்நாட்டில் வாழ்வதாகச் சொல்ல முடியாது. மெக்சிகோ பச்சை, நடு அமெரிக்கா பச்சை, தென் அமெரிக்காவின் வடபகுதி பச்சை. ஆசியாவும் பசிபிக் தீவுகளும் சிவப்பு. இதற்கு 2015-இல் வந்த மரபணு ஆய்வு கைகொடுத்தது. உலகம் முழுவதிலுமிருந்து எறும்புகளைச் சேகரித்து ஒப்பிட்டதில், ஆசியா உள்ளிட்ட பழைய உலகத்து ஜெமினாட்டாக்களின் வேர் மெக்சிகோவின் தென்மேற்கில், அகாபுல்கோ பக்கம் இருப்பது தெரிந்தது. 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் அகாபுல்கோவிலிருந்து வெள்ளியை ஏற்றிக்கொண்டு மணிலாவுக்குப் போய், பட்டும் பீங்கானும் கொண்டு திரும்பின. கப்பலின் பாரம் சமநிலைக்கு வேண்டி அடித்தளத்தில் மண்ணைக் கொட்டுவது அந்நாளைய வழக்கம். போய்ச் சேர்ந்த துறையில் சரக்கேற்ற இடம் வேண்டும் என்று அதை வாரி வெளியே எறிவார்கள். மண்ணோடு ராணியும் இறங்கியிருக்கும். மணிலாவில் இறங்கியது அங்கிருந்து பிற துறைமுகங்களுக்குப் பரவியிருக்கிறது. இந்தக் கப்பல் வழியை வரைபடத்தில் மெல்லிய கோடாக இட்டேன்.

கரீபியத் தீவுகளிலும் ஃபுளோரிடாவிலும் பச்சையும் சிவப்பும் வழக்காடுகின்றன. ஹிஸ்பானியோலாத் தீவில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எறும்புப் படையெடுப்பு ஒன்று நடந்ததை ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸ் எழுதிவைத்திருக்கிறார். அது ஜெமினாட்டாவாகத்தான் இருக்க வேண்டும் என்பது எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் 2005-இல் முன்வைத்த கருத்து. அங்கேயே இருந்த எறும்பு, வெளியிலிருந்து வாழைக்கன்றோடு வந்த சாறு உறிஞ்சும் பூச்சிகளின் துணையால் பெருகியிருக்கலாம் என்றார் அவர். அதை ஏற்று ஹிஸ்பானியோலாவுக்குப் பச்சை. ஃபுளோரிடாவுக்குப் பச்சையும் சிவப்பும் மாறிமாறிவரும் பட்டை. அமெரிக்காவின் தென்மாநிலங்கள் சிலவற்றில் இன்விக்டா வந்தபின் ஜெமினாட்டா பின்வாங்கிவிட்டதால், அங்கே பழைய பதிவுகள் மட்டும் உள்ள இடங்களைச் சாம்பல் கலந்த பச்சையாக்கினேன். குறிப்புப் பெட்டி நீண்டுவிட்டது, பரவாயில்லை.

படத்தின் வீழலும், அதாவது உருண்டை உலகைத் தட்டையாக விரிக்கும் முறையும், கவனிக்க வேண்டியது. க்யூஜிஐஎஸ் தானாகக் காட்டும் வடிவில் வடதுருவப் பக்கம் நிலம் வீங்கித் தெரியும், பசிபிக் இரண்டாக வெட்டுப்படும். பரப்பளவைச் சரியாகக் காட்டும் 'ஈக்வல் எர்த்' வீழலை, 150 பாகை கிழக்கை நடுவாகக் கொண்ட வடிவில் எடுத்தேன். அதன் குறியீட்டு எண் 8859. உடனே அகாபுல்கோவும் மணிலாவும் ஒரே கடலின் இரு கரைகளாக நின்றன. பதிலுக்கு வெட்டு 30 பாகை மேற்கில் விழுந்து, கிரீன்லாந்தைப் படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை பட்டையாக இழுத்துவிட்டது. அந்தத் தீர்க்கரேகையில் நூலளவு அகலத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, நிலப்பரப்பிலிருந்து அதைக் கழித்தால் பட்டை மறையும். கிரீன்லாந்திலும் அன்டார்க்டிகாவிலும் இயல்பாக எறும்பே கிடையாது என்பதால், அவற்றை முழுதாக நீக்கியிருந்தாலும் எறும்புக்கு நட்டமில்லை.

தமிழ்ப் பெயர்கள் எழுதுவதில் ஒரே எச்சரிக்கை: என் கணினியிலுள்ள பழைய க்யூஜிஐஎஸ் பதிப்பில் பெயரை வளைத்து எழுதச் சொன்னால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுகிறது. எல்லாப் பெயரையும் நேர்க்கோட்டில் வைத்து, பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துகளை வடிவங்களாக மாற்றும் தெரிவைக் குறித்தேன். ஃபிளெக்ஸில் அச்சிட்டால் வெளிறிய நிறங்கள் அடிபட்டுப் போகின்றன. தடித்த தாளில் அச்சிட்டதே தெளிவாக வந்தது.

அடுத்து மஞ்சள் பித்தெறும்பை எடுத்திருக்கிறேன். 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்தில் ஆடுமாடுகளின் கண்களில் அமிலம் தெளித்துச் செய்திகளில் அடிபட்ட அதே அனாப்லோலெபிஸ் கிராசிலிபிஸ். கிறிஸ்துமஸ் தீவு, ஹவாய் என்று சிவப்பை எளிதாகப் பூசிவிட்டேன். பச்சைதான் எங்கே என்று முடிவாகவில்லை: முதலில் விவரிக்கப்பட்ட மாதிரி 1857-இல் சிங்கப்பூரிலிருந்து, பேரினத்தின் மற்ற உறவுகளோ ஆப்பிரிக்காவில். இப்போதைக்குத் தென்கிழக்காசியாவுக்குப் பட்டை போட்டு, சீட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.